மெடலினில் என் போனை யாரும் தொடவில்லை

கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் எனக்கு எதுவும் நடக்கவில்லை. போன் போகவில்லை, பர்ஸ் போகவில்லை, யாரும் கத்தியைக் காட்டவில்லை, ஹோட்டல் அறையில் வைத்துவிட்டுப் போன லேப்டாப் வைத்த இடத்திலேயே இருந்தது. கொலம்பியா என்றதும் முகம் சுளித்த அத்தனை பேரிடமும் "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலையே" என்று மார்தட்டிக்கொண்டு திரிய வேண்டிய ஆள் நான். ஊர் திரும்பி மாதங்கள் ஆகியும் அது முடியவில்லை. எனக்கு ஒன்றும் ஆகாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து அந்த உறுத்தல் போகவில்லை.

டாலஸில் குப்பை கொட்டும் எங்களைப் போன்றவர்களுக்குக் கொலம்பியா ஒன்றும் தூர தேசம் இல்லை. மியாமியில் விமானம் மாறினால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அமெரிக்க விசா போதிய மாதங்களுக்குச் செல்லுபடியாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா கேட்பதில்லை. இந்த ஒரு சலுகைக்காகவே மெடலினுக்குப் போகிற தேசி கூட்டம் கூடிக்கொண்டே வருகிறது. மனைவிக்கு மலையும் காப்பியும் பார்க்க வேண்டும், எனக்கு அந்த ஊர் எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். அம்மா மட்டும் போனில், "ஏம்பா, லீவு விட்டா போறதுக்கு உலகத்துல வேற ஊரே இல்லையா?" என்றாள்.

மெடலினை ஆட்டிவைத்த போதைக் கடத்தல் மன்னன் எஸ்கோபார் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடிடி புண்ணியத்தில் என் மாமியாருக்கே தெரியும். எண்களை மட்டும் சொல்கிறேன். 1991இல் மெடலினில் ஒரே ஆண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள். லட்சம் பேருக்கு ஏறக்குறைய 380 என்ற கணக்கு. அப்போது உலகத்திலேயே அதுதான் மிக மோசம். 2023இல் அதே நகரத்தில் நானூறுக்கும் குறைவு. இடையில் 1995இல் மெட்ரோ ரயில் வந்தது, 2004இல் மலைச்சரிவுக் குடிசைகளுக்குக் கேபிள் கார் வந்தது, நூலகங்கள் வந்தன, 2019 பிப்ரவரியில் எஸ்கோபார் குடும்பம் வாழ்ந்த மொனாகோ கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்து, 1983 முதல் 1994 வரை போதைக் கும்பல் வன்முறையில் செத்துப்போன 46,612 பேருக்காக அங்கே ஒரு நினைவுப் பூங்கா கட்டினார்கள். ரயிலும் நூலகமும் ஒரு நகரத்தைத் திருத்திவிட்டன என்ற கதையை நகர நிர்வாகம் உலகமெங்கும் சொல்கிறது. கேட்கவே நன்றாக இருக்கிறது. நானும் அந்தக் கதையை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

ஊமத்தை

ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். 2024 ஜனவரியில் பொகோட்டாவில் இருக்கும் அமெரிக்கத் தூதரகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. முந்தைய நவம்பர், டிசம்பர் இரண்டே மாதங்களில் மெடலினில் எட்டு அமெரிக்கர்கள் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்திருக்கிறார்கள். பல சாவுகளில் மயக்க மருந்து கொடுத்துக் கொள்ளையடித்த அடையாளம், சிலவற்றில் டேட்டிங் ஆப்பில் பழகிய ஆளைச் சந்திக்கப் போன தடயம். ஆணாகத் தனியாகப் போய், ஆப்பில் பெண் தேடி, முன்பின் தெரியாதவரை அறைக்கு அழைத்துவருகிற ஆளுக்கு மெடலின் நிஜமாகவே அபாயமான ஊர். குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த அபாயம் அநேகமாகக் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் "கொலம்பியா டேஞ்சர்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவது யாருக்கும் உதவாது.

அந்த மயக்க மருந்து ஸ்கோபோலமைன். அங்கே 'புருண்டாங்கா' என்பார்கள். பானத்தில் கலந்தால் ருசி தெரியாது. ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பான், நடப்பான், பேசுவான், ஏடிஎம்முக்குப் போய் ரகசிய எண்ணை அழுத்திப் பணத்தை எடுத்துக் கையில் கொடுப்பான். மறுநாள் எதுவும் நினைவிருக்காது. அளவு மீறினால் சாவு. கொலம்பியாவில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் சம்பவங்கள் என்ற அதிகாரபூர்வமற்ற மதிப்பீடு ஒன்றை அமெரிக்க வெளியுறவுத் துறை தன் எச்சரிக்கைகளில் சொல்லிவந்திருக்கிறது. ஊருக்கு மேலே சாந்தா எலேனா மலைப்பாதையில் அந்த மருந்து கிடைக்கிற மரத்தையே பார்த்தோம். ஒரு வீட்டு வேலியோரம், ஆளுயரத்துக்கு மேல், வெளிர் ஆரஞ்சு நிறத்தில் நீளநீளமான புனல் பூக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மனைவி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது நம்ம ஊமத்தம்பூ மாதிரியே இல்ல?" என்றாள். ஊமத்தையின் சொந்தக்காரச் செடிதான் அது, இரண்டிலும் இருப்பது அதே நஞ்சு. நம்மூர் ஊமத்தம்பூ வானம் பார்க்கும், இது மண் பார்க்கிறது, அவ்வளவுதான். ஊமத்தை விதையைச் சோற்றில் கலந்து வழிப்போக்கர்களை மயக்கிக் கொள்ளையடித்த கதைகள் வெள்ளைக்காரன் காலத்து இந்திய மருத்துவச் சட்ட நூல்களில் நிறைய உண்டு. ரயிலில் பிஸ்கட் கொடுத்தால் வாங்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு மெடலின் புதிதாகக் கற்றுத்தர அதிகம் இல்லை.

மற்றதெல்லாம் எந்தப் பெருநகரத்துக்கும் பொருந்துகிற சமாசாரம். சாலையோரம் நின்று போனைப் பார்க்காதே, டாக்சியை ஆப்பில் கூப்பிடு, இருட்டிய பிறகு பழைய நகர மையத்தில் நடக்காதே. போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

மாங்காய் ஐஸ்

கொமுனா 13 என்பது நகரின் மேற்கு மலைச்சரிவில் செங்கல் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் பகுதி. அதைத் தாண்டிப் போகிற பாதை உராபா வளைகுடாவுக்கும் கரீபியன் கடலுக்கும் போகிறது என்பதால் இடதுசாரிக் கொரில்லாப் போராளிகள், அவர்களை எதிர்த்த தனியார் ஆயுதப் படைகளான பாராமிலிட்டரிகள், கடத்தல்காரர்கள் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. இன்று மெடலினுக்குப் போகிற எவரும் அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 2011இல் திறந்த 384 மீட்டர் நீள எஸ்கலேட்டர்கள் மலைமேல் ஏறுகின்றன. சுவரெல்லாம் ஓவியம், முக்குக்கு முக்கு ராப் பாட்டு, பிரேக் டான்ஸ், டீ சர்ட் கடை, அதில் பாதி சட்டைகளில் எஸ்கோபார் முகம். சனிக்கிழமை மத்தியானம் தி.நகர் ரங்கநாதன் தெருவில் மாட்டிக்கொண்டது போல நகர்ந்தோம்.

எங்களுக்கு வாய்த்த கைடு அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சான் ஹவியேர் மெட்ரோ நிலையத்தில் கூட்டத்தைச் சேர்க்கும்போதே சொன்னான். "கீழே போனைப் பைக்குள்ள வைங்க. மேலே போனதும் வெளியே எடுக்கலாம், கேமராவைக் கழுத்துலயே மாட்டிக்கலாம். அங்கே யாரும் திருடமாட்டாங்க." ஏன் என்று ஒரு ஜெர்மன்காரப் பெண் கேட்டாள். "திருடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றான். போலீஸா? அவன் சிரித்துவிட்டு, "பசங்க" என்றான். எல்லோரும் கூடவே சிரித்தோம். என்ன சொன்னான் என்று அப்போது எங்களில் பாதிப்பேருக்குப் புரியவில்லை. புரிந்த பாதிக்கும் அது ஒரு சுவாரசியமான சுற்றுலாத் தகவலாகத்தான் பட்டது.

அந்த மலையில் பிரசித்தமான தின்பண்டம் மாங்காய் ஐஸ். காயாகவே பறித்த மாங்காயை அரைத்து உறையவைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து உப்புத் தூவித் தருகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் தின்றவருக்கு அதன் முதல் கடியிலேயே கண் கூசும். எஸ்கலேட்டரின் மேல் முனையைத் தாண்டிய ஒரு படிக்கட்டு ஓரத்தில், வீட்டு ஜன்னலையே கடையாக்கி வைத்திருந்த அம்மாவிடம் வாங்கினோம். அறுபதை நெருங்கும் வயது, காதில் சின்னக் கம்மல், கையில் உப்பு டப்பா. என் மனைவி இரண்டாவது ஒன்று கேட்டதும் அந்தம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். காசு வாங்குவதற்காகக் கையை நீட்டியபோதுதான் பைக் வந்தது.

பைக்கில் வந்தவன் இளைஞன். ஹெல்மெட் இல்லை, பளிச்சென்ற ஷூ, இடுப்பில் குறுக்காக மாட்டிய சின்னப் பை. துப்பாக்கி எதுவும் கண்ணில் படவில்லை. மிரட்டவில்லை, குரலை உயர்த்தக்கூட இல்லை. "எப்படி இருக்கீங்கம்மா" என்கிற பாவனையில் ஏதோ கேட்டான், அவளும் ஏதோ பதில் சொன்னாள். சொல்லிக்கொண்டே, எங்களிடம் வாங்க நீட்டிய கையைப் பின்னால் இழுத்து, பிஸ்கட் டப்பாவிலிருந்து ஏற்கெனவே மடித்துவைத்திருந்த நோட்டுகளை எடுத்து அவனிடம் கொடுத்தாள். எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தான். அங்கேயும் நோட்டு மடித்துத் தயாராக இருந்தது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இருக்காது. பிறகு அந்தம்மா என் பக்கம் திரும்பி, மறுபடியும் சிரித்து, கையை நீட்டினாள்.

நான் கைடைப் பார்த்தேன். அவன் சுவர் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளிப்போன பிறகு கேட்டேன். "வாராவாரம்" என்றான். நீயும் கொடுப்பியா? "டூர் நடத்தறவங்க எல்லாரும்." ஸ்பானிய மொழியில் அதைத் தடுப்பூசி என்று சொல்கிறார்கள், பாக்குனா. நமக்கு மாமூல் என்றாலே போதும். பிறகு அவனாகவே, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போல, "அதனாலதான் உங்க கேமரா பத்திரமா இருக்கு" என்றான்.

அன்று ராத்திரி ஹோட்டலில் மனைவியோடு வாக்குவாதம். "நீங்க டிக்கெட் வாங்கின எல்லா ஊர்லயும் டிக்கெட் காசு எங்கே போகுதுன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள். விசாரித்ததில்லை. இருந்தாலும் இங்கே காசு கை மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டேனே. என் கழுத்தில் தொங்கிய கேமராவுக்குக் காவல் கூலி கொடுத்தவள் மாங்காய் ஐஸ் விற்கிறவள். நான் கொடுத்த காசிலிருந்துதான் கொடுத்தாள் என்பது உண்மை. ஆனால் மழை பெய்து ஒரு டூரிஸ்டும் வராத வாரத்திலும் அவள் கொடுத்தாக வேண்டும்.

அமைதி யார் கையில்

ரயிலும் நூலகமும் செய்த மாற்றத்தை நான் மறுக்கவில்லை. கேபிள் காரில் பள்ளிச் சீருடையோடு இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் மறுக்க மனசு வராது. ஆனால் கொலைக் கணக்கின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறொரு கதை கிடைக்கிறது. 2002 அக்டோபர் 16ஆம் தேதி, அல்வாரோ உரிபே அதிபராகிச் சில வாரங்களிலேயே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவத்தினரும் போலீசாரும் ஹெலிகாப்டர்களோடு கொமுனா 13க்குள் நுழைந்தார்கள். ஆப்பரேஷன் ஓரியோன். கொரில்லாக்கள் விரட்டப்பட்டார்கள். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது டான் பெர்னா என்ற தியேகோ முரில்யோவின் பாராமிலிட்டரிப் படை. எஸ்கோபாருக்குப் பிறகு மெடலின் கடத்தல் உலகத்தின் மேஸ்திரி அவர்தான். அவர் கைக்குள் ஊர் இருந்தவரை கொலை குறைந்தது. உலகப் பத்திரிகைகள் மெடலினைக் கொண்டாடத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். 2008 மே மாதம் அவரை அமெரிக்காவுக்கு நாடுகடத்தினார்கள். அந்த ஆண்டு ஆயிரத்தை ஒட்டியிருந்த கொலைகள் 2009இல் இரண்டாயிரத்தைத் தாண்டின. வாரிசுச் சண்டை. 2013இல் மோதிக்கொண்டிருந்த இரண்டு பெரிய கும்பல்கள் தங்களுக்குள் 'துப்பாக்கி ஒப்பந்தம்' என்று ஒன்றைச் செய்துகொண்டன. இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை ஐநூறை ஒட்டி இறங்கியது.

இந்த ஆண்டுகளில் ரயில் ஓடாமல் நின்றதுமில்லை, நூலகங்கள் மூடப்படவுமில்லை. ஏறியதும் இறங்கியதும் கும்பல்களின் கணக்குதான். மெடலினில் 'கோம்போ' எனப்படும் தெருக் கும்பல்கள் முந்நூறுக்கும் மேலே இருக்கின்றன. பேட்டைக்கு ஒன்று, அவற்றுக்கு மேலே ஒரு டஜனுக்குச் சற்று அதிகமான பெரிய தலைகள். கடைக்காரரிடம் மாமூல், புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து, கடன் வசூல், சில இடங்களில் முட்டையும் கேஸ் சிலிண்டரும் யார் விற்கலாம் என்பது வரை அவர்கள் வைத்ததுதான் சட்டம். திருட்டு நடந்தால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் வியாபாரம் கெடும், ஆகவே திருடக் கூடாது. டூரிஸ்டைத் தொடவே கூடாது, அவன்தான் இப்போது வருமானம். இந்த ஏற்பாடு நமக்குத் தெரியாததா? "எங்க ஏரியாவுல பொம்பளைப் பிள்ளைங்க நடு ராத்திரியில தனியா நடக்கலாம், அண்ணன் இருக்கார்" என்று பெருமையாகச் சொல்கிற தெருக்கள் நம்மூரிலும் உண்டு. அந்த அண்ணனுக்கு யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

கொமுனா 13இலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எதிர்மலையில் மண் சரிந்த தழும்பு மாதிரி ஓர் இடம் தெரிகிறது. லா எஸ்கோம்பிரேரா, கட்டட இடிபாடுகளைக் கொட்டுகிற இடம். ஓரியோனை ஒட்டிய காலத்தில் காணாமல் போன தங்கள் பிள்ளைகளை அங்கேதான் புதைத்தார்கள் என்று தாய்மார்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்தார்கள். அவர்களைப் பைத்தியங்கள் என்று மற்றவர்கள் பேசினார்கள். 2024 டிசம்பரில் அங்கே தோண்டியபோது முதல் எலும்புகள் கிடைத்தன. அடுத்த மாதம் இளைஞர்கள் ஒரு சுவரில் "கிழவிகள் சொன்னது சரிதான்" என்று பெரிதாக எழுதினார்கள். நகர நிர்வாகம் ஊர் அழகைக் காரணம் காட்டி அதன்மேல் பெயின்ட் பூசி அழித்தது. மறுபடியும் எழுதினார்கள். எங்கள் கைடு எல்லா ஓவியங்களையும் விளக்கினான். அந்தத் தழும்பைக் காட்டியபோது மட்டும் கூட்டம் சேரக் காத்திருக்கவில்லை, பக்கத்தில் நின்ற எங்கள் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

வருகிறவன் கொண்டுவருவது

பாதுகாப்பு என்றால் ஊர் நமக்கு என்ன செய்யும் என்றுதான் கேட்கிறோம். எல் போப்லாதோ பகுதியில் லேராஸ் பூங்காவைச் சுற்றி ராத்திரி பத்து மணிக்கு நடந்து பார்த்தால் கேள்வி திரும்பி நிற்கிறது. நாற்பது ஐம்பது வயது வெள்ளைக்கார ஆண்கள், பக்கத்தில் அவர்கள் மகள் வயதுப் பெண்கள், இரண்டடிக்கு ஒருவன் காதோரம் வந்து கொக்கெயின் வேண்டுமா என்று கேட்கிறான். 2024 மார்ச் கடைசியில் ஒரு அமெரிக்கர் அங்கே ஒரு ஹோட்டல் அறையில் 12, 13 வயதுச் சிறுமிகள் இருவரோடு பிடிபட்டார். போலீஸ் விட்டுவிட்டது, அவர் விமானமேறிப் போய்விட்டார். ஊர் கொந்தளித்த பிறகு மேயர் ஃபெதெரிகோ குத்தியெரெஸ் அந்தப் பகுதியில் பாலியல் தொழிலுக்கு ஆறு மாதம் தடை போட்டார். அந்தத் தெருவில் யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தூதரக எச்சரிக்கைகளில் எழுதமாட்டார்கள்.

கொலம்பியாவில் 2023இல் 2,53,000 ஹெக்டேரில் கோகா பயிரானதாகவும், அதிலிருந்து 2,600 டன்னுக்கு மேல் கொக்கெயின் எடுக்க முடியும் என்றும் ஐ.நா. கணக்கிட்டது. பெரும்பகுதியை மூக்கில் ஏற்றுவது நான் வசிக்கிற நாடும் ஐரோப்பாவும். அந்தப் பணம்தான் கோம்போக்களுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தது. என் அலுவலகத்தில் வார இறுதிப் பார்ட்டிகளில் அந்தப் பொடி புழங்குவது ஊரறிந்த ரகசியம். அதே ஆட்கள்தான் நான் லீவு போட்டபோது "பத்திரமாப் போய்ட்டு வா" என்றார்கள்.

அலுவலகத்திலேயே மெடலினில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். திரும்பி வந்ததும் அவளிடம் இதையெல்லாம் கொட்டினேன். அனுதாபம் கிடைக்கும் என்று பார்த்தால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு மத்தியானம் வந்துட்டுப் போற ஆளுக்குக் குற்ற உணர்ச்சி ஒரு சொகுசு. எங்க அத்தை அரேப்பாங்கற சோள ரொட்டிக் கடை வச்சிருக்கா. வாராவாரம் கட்டறா. டூரிஸ்ட் வராத பேட்டை அது, அங்கேயும் கட்டறா. நீங்க வராம இருந்தா அந்த மாங்காய்க்காரம்மாவுக்கு மாமூல் நின்னுடுமா? வருமானம்தான் நிக்கும்." பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அடுத்துக் கேட்டாள், "உங்க ஊர்ல கடை வச்சிருக்கறவங்க யாருக்கும் கொடுக்கறதில்லையா?" பஸ் ஸ்டாண்டு ஓரம் பெட்டிக்கடை வைத்திருந்த என் பெரிய மாமா ஞாபகத்துக்கு வந்தார். அவர் கொடுத்தது காக்கிச் சட்டைக்கு. கல்லாவில் தனியாக மடித்துத்தான் வைத்திருப்பார்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, முழுவதும் ஏற்க முடியவில்லை. போகாதே என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் குற்ற விகிதம், பாதுகாப்புத் தரவரிசை, எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து ஒரு ஊரை எடைபோடுகிற பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது. அந்தத் தரவரிசையில் கொமுனா 13க்கு என் கேமராவால் ஒரு நல்ல புள்ளி கூடியிருக்கும். பிஸ்கட் டப்பாவில் மடித்துவைத்த நோட்டு எந்தப் பட்டியலிலும் ஏறாது. யாரும் புகார் கொடுக்கப்போவதில்லையே. 2025 ஜூனில் அதிபர் குஸ்தாவோ பெத்ரோ சிறையிலிருந்த மெடலின் கும்பல் தலைவர்களை அழைத்துவந்து நகர மையத்திலேயே மேடை ஏற்றினார். அப்போது அவர்களோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததாம். நாடே திட்டித் தீர்த்தது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த ஊரின் அமைதி யார் கையில் இருக்கிறதோ அவர்களை மேடையில் வைத்துப் பார்க்க ஜனங்களுக்கு அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் ஹியூஸ்டனிலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். டிசம்பரில் குடும்பத்தோடு மெடலின் போகலாம் என்று நினைக்கிறார்களாம், எப்படி இருந்தது என்று கேட்டார். நான் கேபிள் காரில் ஆரம்பித்து, மாங்காய் ஐஸ், பைக், டான் பெர்னா என்று அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடித்ததும், "அதெல்லாம் சரி, போனைக் கையில வச்சுக்கிட்டுப் படம் எடுக்கலாமா, முடியாதா?" என்றார். எடுக்கலாம் என்றேன். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டாராம்.